பதில்: 12 பேர் பாடகர் குழுவுக்கு எந்த இசை நோட்டு (ஸ்வரம் எழுதின பிரதி) வாங்குறது?

புதுச்சேரி சர்ச் பாடகர் குழு, 12 பேர்ல ஆண்கள் மூணே பேர், கிறிஸ்துமஸுக்கு நாலு குரல் பாட்டு வேணும்னு கேட்டிருக்கீங்க. நாலு குரல் வேண்டாம்ங்க. மூணு ஆண்களை டெனர் (மேல் ஆண் குரல்), பேஸ் (கீழ் ஆண் குரல்)னு பிரிச்சா, ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலே டெனர் காலி. சொப்ரானோ (மேல் பெண் குரல்), ஆல்டோ (கீழ் பெண் குரல்), ஒரே ஆண் குரல்னு மூணு வரியில எழுதினதை எடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஆண் குரல் வரியை மட்டும் பாருங்க. நடு 'சி'க்கு (பியானோ நடுவுல இருக்குற 'சி' ஸ்வரம்) மேல அடிக்கடி ஏறினா பேஸ்காரர் கத்திடுவார். சுருதியை இறக்கினா ஆல்டோ அடியில போய் கேட்காது.

தமிழ் வார்த்தை போட்டா, குறில் நீண்ட ஸ்வரத்துல விழக்கூடாது. 'பிதா' 'பீதா' ஆயிடும்!

இசையமைப்பாளர் இறந்து 60 வருஷம் தாண்டினா இந்தியாவுல மூல இசை பொதுச்சொத்து, யாரும் அனுமதி கேட்காம பயன்படுத்தலாம். அதைக் குரல்களுக்குப் பிரிச்சு எழுதின புது இசைக்கோர்ப்பு அப்படியில்ல, ஜெராக்ஸ் போடாம ஆளுக்கொரு பிரதி வாங்குங்க.