பட்டாளம், குடி, கூட்டாளிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கடற்படை விமானிகளின் மாநாட்டில் பெண்கள்மீது பாலியல் தாக்குதல் நடந்த டெயில்ஹூக் விவகாரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குடிதான் காரணம் என்றால் முகாம்களில் மதுவை அடியோடு நிறுத்தினால் போதாதா? 'கூட்டாளிகளின் தாக்கம்' என்று நீங்கள் சொல்வது, தப்பு செய்தவனுக்குச் சாக்குத் தேடிக் கொடுப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒழுங்கான ஆண் எவ்வளவு குடித்தாலும் பெண்கள்மீது கை வைக்கமாட்டான்.

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் யார்மீதும் கை வைப்பதில்லை. ஆகவேதான் குடியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

1991 செப்டம்பரில் டெயில்ஹூக் என்ற விமானிகள் சங்கத்தின் மாநாட்டின்போது லாஸ் வேகாஸ் ஹில்டன் ஹோட்டலின் மூன்றாம் தளத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானப் படைப்பிரிவுகள் ஆளுக்கொரு விருந்தறை எடுத்து மது ஊற்றின. நடைபாதையின் இரு பக்கமும் அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். லிஃப்ட் பக்கமிருந்து ஒரு பெண் வந்தால், விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் புழங்கும் குறிச்சொற்களைச் சொல்லி ஒருவன் குரல் கொடுப்பான். அவள் உள்ளே வந்ததும் வரிசை நெருங்கும். 83 பெண்களும் 7 ஆண்களும் தாக்கப்பட்டதாகப் பாதுகாப்புத் துறை விசாரணை கண்டது. குரல் கொடுக்க ஆள், நிற்க வரிசை, முந்தைய ஆண்டுகளிலிருந்தே வந்த பழக்கம் எல்லாம் இருந்திருக்கின்றன. தலைகால் தெரியாத போதையில் இதெல்லாம் அமையாது. 140 அதிகாரிகளின் கோப்புகள் நடவடிக்கைக்குப் போயும் ராணுவ நீதிமன்றத்தில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

குடியும் கூட்டமும் சேரும் இடம் இதுதான்: போதை ஏற ஏறக் கவனம் சுருங்குகிறது. நாளைய தண்டனை, எதிரில் நிற்பவரின் முகத்தில் தெரியும் பயம் எல்லாம் மங்கிப்போய், பக்கத்தில் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரிகிறது. படைவீரர்கள் தங்கும் பாரக்ஸில் பக்கத்தில் இருப்பது கூட்டாளிகளின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பையும் அவன் தவறாகவே கணக்கிடுகிறான். கல்லூரி விடுதிகளிலும் படைகளிலும் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது: ஆண்கள் தங்கள் சகாக்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாக நினைக்கிறார்கள். பெண்களைப் பற்றிய கேவலப் பேச்சு சகாக்களுக்குப் பிடித்திருப்பதாகவும் அதேபோல மிகையாக எண்ணுகிறார்கள். பிடிக்காதவன் பேசாமல் இருக்கிறான். அந்த மௌனமும் ஆமோதிப்புக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஒரு பிரிவில் ரகசியமாகக் கருத்துக் கேட்டு, அவர்களின் விடையையே எண்களாக அவர்கள் முன் வைக்கும் முறை இதனால்தான் பலன் தருகிறது. ஆனால் அதே பிரிவின் எண்ணாக இருக்கவேண்டும். பொதுப் புள்ளிவிவரத்தை யாரும் நம்புவதில்லை.

அளவு விஷயத்திலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் ஆல்கஹால்: 355 மில்லி பீர் அல்லது 44 மில்லி விஸ்கி. நம் ஊர் லார்ஜே 60 மில்லி. கையால் ஊற்றும்போது அதையும் தாண்டும். ஒரு டிரிங்கின் ஆல்கஹால் உடம்பிலிருந்து இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். வேகமாகக் குடித்தவரின் மூளை நினைவைப் பதிவதை நிறுத்திய பிறகும் அவர் நடப்பார், பேசுவார். 'நல்லாத்தானே இருந்தா' என்று கூட்டாளிகள் பிறகு சாட்சி சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான்.

தடுக்க நினைக்கும் சகா முதல் கிளாஸுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் குடிப்பதில்லை என்று முடிவாக வேண்டும், ஒருவர் போதாது. பிறகு கவனிக்க வேண்டியவை: ஒரே ஆளின் கிளாஸை ஒருவன் மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்பது, தள்ளாடுபவரை 'நான் ரூமில் விட்டுவிட்டு வருகிறேன்' என்று தனியே கூட்டிப்போகப் பார்ப்பது. அப்போது தர்க்கம் பேசக்கூடாது. 'உன்னை சார்ஜென்ட் தேடுறார், வா' என்று சகாவை அங்கிருந்து நகர்த்த வேண்டும். இன்னொருவர் அந்தப் பெண்ணை அவருடைய தோழிகளிடம் சேர்க்க வேண்டும். எதிரில் இருப்பவன் மேல்பதவிக்காரன் என்றால் சிப்பாயால் இது ஆகாது. டியூட்டி அதிகாரிக்குப் போன் போடுவதுதான் வழி. அந்த எண் முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். ஜோடியாகத்தான் வெளியே போகவேண்டும் என்ற விதி பெரும்பாலும் தோற்பது, ஜோடியும் கூடச் சேர்ந்து குடிப்பதால். விடிந்ததும் அவனே பொய்ச்சாட்சியும் ஆகிறான்.

தடை பற்றிக் கேட்டீர்கள். ஒக்கினாவாவில் 2012இல் இரண்டு மாலுமிகள் ஒரு பெண்ணை வன்கொடுமை செய்த பிறகு, ஜப்பானிலுள்ள அமெரிக்கப் படையினர் அனைவருக்கும் இரவு 11 முதல் காலை 5 வரை ஊரடங்கு போட்டார்கள். 2016இல் கடற்படையினருக்குச் சில காலம் மதுவையே தடுத்தார்கள். வழக்குகள் நிற்கவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியவனிடம் 'எத்தனை பெண்கள்?' என்று கேட்டுத் தோளில் தட்டும் கூடத்தை எந்த ஊரடங்கும் தொடுவதில்லை. அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்த வேண்டியவர் செக்‌ஷன் எனும் சிறு அணியை நடத்தும் சார்ஜென்ட். அவரே கூட உட்கார்ந்து குடிப்பவர் என்றால் ஆண்டுக்கொரு முறை நடக்கும் வகுப்பு வீண்.

சாக்கு என்றீர்கள். கூட்டத்தின் பங்கைச் சொல்வதால் செய்தவனின் பொறுப்பு இம்மியும் குறையாது. குரல் கொடுத்தவனும், கிளாஸை நிரப்பியவனும், பார்த்துவிட்டு அறைக்குள் போனவனும் பதில் சொல்ல வேண்டியவர்களாகிறார்கள்.

புகார் வழியும் முன்பு அடைபட்டுத்தான் கிடந்தது. அமெரிக்காவில் குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் 21 வயதுக்குக் கீழுள்ள பெண் சிப்பாய் புகார் கொடுத்தால், முதலில் அவள் குடித்ததற்கே நடவடிக்கை வரலாம் என்ற பயம் இருந்தது. அத்தகைய சிறு மீறல்களுக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக்கூடாது என்று இப்போது விதி வந்திருக்கிறது. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் 2023 டிசம்பர் 28 முதல் கமாண்டர் கையிலிருந்து தனி ராணுவ வழக்கறிஞர்களிடம் போயிருக்கிறது. அதற்கு முன் நடந்த குற்றங்களில் பல இன்னும் பழைய முறைப்படியே போகின்றன.

அன்புடன்