குறைகிற நொதியை ஏற்றிவிட்டால் போதுமே, அரிய நோய் ஆராய்ச்சிக்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?

கேள்வி: சில அரிய வளர்சிதை மாற்ற நோய்களுக்கு ஒரே ஒரு நொதி குறைவதுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியென்றால் அந்த நொதியைத் தயாரித்து உடம்பில் ஏற்றிவிட வேண்டியதுதானே? ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அப்படி என்ன செய்கிறார்கள்?

பதில்:

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். போம்பே நோய் என்ற ஒன்றைப் பற்றி ஆய்வகத்தில் ஆராய்கிறேன். நோயாளிகளின் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நொதியைத் தயாரிப்பது பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான். சிரை வழியாக ஏற்றிய நொதி எந்த செல்லுக்குத் தேவையோ அந்த செல்லைத் தேடிப் போக வேண்டும். அதற்குள் நுழைந்து, லைசோசோம் என்கிற குட்டிப் பைக்குள் கெடாமல் போய்ச் சேர வேண்டும். எங்கள் ஆண்டுகளெல்லாம் போவது இந்தப் பாதையைச் சரிசெய்வதில்தான்.

செல்லில் சேரும் வேண்டாத பெரிய மூலக்கூறுகளை உடைக்கும் இடம் லைசோசோம். கிறிஸ்டியன் டி டூவ் 1955-ல் இதைக் கண்டறிந்தார். அங்கே வேலை செய்யும் நொதிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் அது உடைக்க வேண்டிய பொருள் அப்படியே தேங்கிவிடும். போம்பே நோயில் தேங்குவது கிளைகோஜன், அதாவது செல்கள் சேமித்து வைக்கும் சர்க்கரை; பாதிக்கப்படுவது தசை. கௌச்சர் நோயில் தேங்குவது ஒரு வகைக் கொழுப்பு. அது மேக்ரோஃபேஜ் எனும் தின்னும் செல்களில் நிறைந்து மண்ணீரலையும் கல்லீரலையும் வீங்க வைக்கும், எலும்பையும் கெடுக்கும்.

போம்பே நோயில் குறைவது எந்த நொதி என்று 1963-ல் ஹென்றி ஹெர்ஸ் காட்டினார். நீங்கள் கேட்டதை அடுத்த ஆண்டே செய்து பார்த்தார்கள். அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற ஒரு பூஞ்சையிலிருந்து அதே வேலையைச் செய்யும் நொதியைப் பிரித்து ஒரு குழந்தைக்குச் செலுத்தினார்கள். பலன் கிடைக்கவில்லை. போம்பே நோய்க்கு முதல் நொதி மருந்து அங்கீகாரம் பெற்றது 2006-ல். இடையில் போன நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

கௌச்சர் நோயின் கதை இதில் நிறையச் சொல்லித் தரும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடியின் குழு மனித நஞ்சுக்கொடியிலிருந்து நொதியைப் பிரித்து 1970-களில் நோயாளிகளுக்கு ஏற்றியது. ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் நிலையாக இல்லை. நொதி கல்லீரலுக்குப் போனது உண்மை. ஆனால் அங்கே கொழுப்பு தேங்கிக் கிடந்த மேக்ரோஃபேஜ்களை விட்டுவிட்டு, மற்ற கல்லீரல் செல்களுக்குள் பெரும்பகுதி போய்விட்டது.

நொதி ஒரு புரதம்தான் என்றாலும் அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைகிளையாக ஒட்டியிருக்கும். அஞ்சல் உறைமேல் எழுதிய முகவரி போல, எந்த செல் அதை உள்ளே எடுக்கும் என்பதை அந்தச் சங்கிலியின் நுனிச் சர்க்கரை தீர்மானிக்கிறது. மேக்ரோஃபேஜின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. ஆகவே நுனியில் இருக்கும் மற்ற சர்க்கரைகளை மூன்று நொதிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உள்ளே மறைந்திருந்த மேனோஸை வெளியே தெரிய வைத்தார்கள். புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சர்க்கரை மட்டும்தான் மாறியது. அந்த மருந்தை 12 நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஹீமோகுளோபின் ஏறியது, மண்ணீரல் சுருங்கியது. 1991-ல் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கு ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994-ல் சீன வெள்ளெலியின் சினைப்பை செல்களில் அதே நொதியைத் தயாரித்த பிறகுதான் அந்தச் சுமை நீங்கியது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, தசைக்கு வருவோம். இங்கே வெறும் மேனோஸ் உதவாது, பாஸ்பேட் ஒட்டிய மேனோஸ், அதாவது மேனோஸ்-6-பாஸ்பேட் வேண்டும். இதற்கான முதல் தடயம் 1968-ல் எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வகத்தில் கிடைத்தது. ஹர்லர், ஹன்டர் என்ற இரண்டு வெவ்வேறு நோய்களைக் கொண்டவர்களின் தோல் செல்களை ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தபோது இரண்டுமே சரியாகின! ஒன்றில் இல்லாத நொதியை மற்றது வெளியே விட, அதை இது உள்ளே எடுத்துக்கொண்டது. அப்படி எடுப்பதற்கான அடையாளம் மேனோஸ்-6-பாஸ்பேட் என்று 1977-ல் வில்லியம் ஸ்லையின் குழு கண்டுபிடித்தது.

இதை நாங்கள் இன்றும் ஆய்வகத்தில் அடிக்கடி பார்க்கிறோம். நோயாளியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டின் அடியில் ஒட்டிப் படர்ந்திருக்கும். வளர்ப்புக் கரைசலில் நொதியைக் கலந்து இரவு முழுக்க விடுவோம். காலையில் கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டு, செல்களை நன்றாகக் கழுவி உடைத்து, அந்தச் சாற்றில் ஒரு செயற்கைச் சர்க்கரைச் சேர்மத்தை விடுவோம். நொதி உள்ளே போயிருந்தால் அதை வெட்டும். கடைசியில் காரக் கரைசலை ஊற்றிப் புறஊதா ஒளியில் வைத்தால் அந்தக் குழி நீலமாக ஒளிரும். பக்கத்துக் குழியிலும் அதே செல், அதே நொதிதான், ஆனால் கரைசலில் மேனோஸ்-6-பாஸ்பேட்டையும் தாராளமாகக் கலந்திருப்போம். ஏற்பிகளையெல்லாம் அது பிடித்துக்கொள்வதால் நொதி நுழைய இடமில்லாமல் போகும். அந்தக் குழி மங்கிக் கிடக்கும். இரண்டையும் அருகருகே பார்க்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஆனால் தட்டில் நடப்பது உடம்பில் அப்படியே நடக்காது. எலும்புத்தசை செல்களின் மேல் இந்த ஏற்பிகள் குறைவு. ஏற்றும் நொதியில் பெரும்பங்கைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியிருக்கிறது. கௌச்சர் நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவைப் போல இது பத்து மடங்குக்கும் மேல். இன்னொரு சிக்கல், லைசோசோமின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, இந்த நொதி அதற்கென்றே அமைந்தது. இரத்தமோ லேசான காரம். அதில் சுற்றிவரும்போதே நொதியின் வடிவம் குலையத் தொடங்கிவிடுகிறது. 2021-ல் வந்த மருந்தில் மேனோஸ்-6-பாஸ்பேட்டின் அளவைச் சுமார் 15 மடங்கு கூட்டினார்கள். 2023-ல் வந்ததில், இரத்தத்தில் நொதி குலையாமல் தாங்கிப் பிடிக்கும் ஒரு சின்ன மூலக்கூறை வாய்வழி மருந்தாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

குழந்தைப் பருவத்திலேயே வரும் போம்பே நோயில் இதயம் பெருத்துவிடும், உடம்பு துவண்டு போகும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. நொதி ஏற்றினால் இதயம் நன்றாகவே தேறுகிறது. “டாக்டர் இதயம் சரியாயிடுச்சுன்னு சொல்றாரு, ஆனா இவனால எழுந்து நிக்க முடியலையே, ஏன் மேடம்?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். இதயத் தசைக்குள் போகிற அளவுக்கு நொதி எலும்புத்தசைக்குள் போவதில்லை. தேங்கிய கிளைகோஜன் நார்களை ஏற்கெனவே சிதைத்திருந்தால் நொதியால் அதைத் திரும்பக் கட்ட முடியாது. இதை அவரிடம் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. அதே சமயம், அவர் கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி என்பதையும் அவரிடம் சொன்னேன்.

அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது வாழ்வா சாவா என்ற விஷயமாகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலரவைத்து நொதி அளவைப் பார்க்கலாம். தைவானில் 2005-லேயே போம்பே நோய்க்கு இதைத் தொடங்கினார்கள். அறிகுறி தெரியும் முன்பே சிகிச்சை தொடங்கிய குழந்தைகள் நடக்கிறார்கள். மருந்தை இன்னும் கூர்மையாக்க எங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதைவிட, இந்தச் சொட்டு ரத்தம் எல்லாக் குழந்தைகளுக்கும் சோதிக்கப்பட்டால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் சமாளிக்க வேண்டும். சில குழந்தைகளின் உடம்பு அந்த நொதியைத் துளிகூடத் தயாரித்திருக்காது. அவர்களுக்கு மருந்து முழுக்க அந்நியப் பொருள், எனவே ஆன்டிபாடிகள் கிளம்பி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒரே மருந்து ஒரு குழந்தைக்கு வேலை செய்து இன்னொன்றுக்குச் செய்யாமல் போனதன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான் இருந்தது. இப்போது அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நொதியைத் தொடங்கும்போதே எதிர்ப்பை அடக்கும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அப்புறம், மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிப்பது. அரிய நோய், ஆட்கள் குறைவு. சாகக்கூடிய குழந்தைகளில் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரை ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்க எந்த மனசாட்சியும் இடம் தராது. போம்பே மருந்தின் முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் 18 குழந்தைகள். அத்தனை பேரும் 18 மாத வயதைக் கடந்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்ததே, சிகிச்சை இல்லாத காலத்தில் இறந்துபோன குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை யாரோ பொறுமையாகத் திரட்டி வைத்திருந்ததால்தான். நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று எழுதி வைக்கும் அந்த வேலைக்குப் பெயரும் புகழும் கிடைப்பதில்லை. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

இன்னும் பெரிதாக நிற்பது மூளை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் பெரிய புரதங்களை விடாத தடுப்பு ஒன்று இருக்கிறது, சிரையில் ஏற்றும் நொதி அதைத் தாண்டுவதில்லை. குழந்தைகளின் மூளையைச் சிதைக்கும் சிஎல்என்2 என்ற நோய்க்கு 2017 முதல் மூளையின் திரவ அறைக்குள்ளேயே நேராக நொதியைச் செலுத்துகிறார்கள். ஹன்டர் நோய்க்கு 2021-ல் ஜப்பானில் அங்கீகாரம் பெற்ற மருந்து வேறு வழியில் போகிறது. மூளைக்கு இரும்பைக் கொண்டுசெல்லும் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஆன்டிபாடியோடு நொதியை இணைத்து உள்ளே அனுப்புகிறார்கள்.

போம்பே நோயை தசை நோய் என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். சிகிச்சையால் குழந்தைகள் வளர வளர, சிலருடைய மூளை ஸ்கேனில் வெண்பொருள் எனும் நரம்பிழைப் பகுதியில் மாற்றங்கள் தெரிகின்றன. முன்பு அந்த வயது வரை யாரும் பிழைக்காததால் இது கண்ணில் படவே இல்லை. இப்போது என் மேசையில் இருக்கும் வேலையும் அதுதான்: நோயாளிகளின் செல்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களில் எவ்வளவு கிளைகோஜன் தேங்குகிறது, எந்த வடிவில் நொதியைக் கொடுத்தால் அது குறைகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன்.