வாசகர் கேள்வி–பதில்: நூறு கேள்வி போட்டும் மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

கேள்வி: அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு ஆறு மாதமாகப் படித்து வருகிறேன். நாளொன்றுக்கு 100 பயிற்சிக் கேள்விகளுக்குக் குறையாமல் விடையளித்தும் என் மதிப்பெண் 55 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கேள்விகளின் எண்ணிக்கையை 150 ஆக உயர்த்தலாமா?

பதில்: உயர்த்த வேண்டாம், பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுங்கள். ஒரு கேள்விக்கு விடையளிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விடை விளக்கத்தைப் படித்து, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இன்னும் ஐந்து நிமிடமாவது வேண்டும். இந்தக் கணக்கில் 100 கேள்விகளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் நீங்கள் உட்காருவதாகத் தெரியவில்லை. ஆகவே விளக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்பது கேள்வி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடு. அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வலி பத்துக்கு ஏழு என்கிறார். நீரிழிவு நோயாளி ஒருவர் காலை இன்சுலினுக்காகக் காத்திருக்கிறார். முந்தைய நாள் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக அகற்றிக்கொண்ட பெண், வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் குறுகுறுப்பதாகச் சொல்கிறார்.

மூச்சுக்கே முதலிடம் என்று மனப்பாடம் செய்தவர்கள் ஆக்சிஜன் அளவைக் கண்டதும் முதல் நோயாளியிடம் ஓடுவார்கள். ஆனால் அந்த நோயில் 88 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதுதான் பொதுவாக நாம் வைத்திருக்கும் இலக்கு; அவர் பேசிக்கொண்டும் இருக்கிறார். அறுவைக்குப் பின் வலி எதிர்பார்க்கக்கூடியதே. தைராய்டு நோயாளியின் குறுகுறுப்பு அப்படியல்ல. அறுவையின்போது பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையும். அது முற்றினால் தசைகள் இழுத்துக்கொண்டு குரல்வளையும் இறுகி மூச்சுப் பாதை அடைபடலாம். ஆகவே மூச்சு விதி இங்கேயும் செல்லுபடியாகத்தான் செய்கிறது. ஆனால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வியின் உயிர். இந்த ஒரு கேள்வியைப் பிரித்து மேய்ந்தவருக்கு, எதிர்பார்த்த அறிகுறி எது, புதிதாகத் தோன்றிய அறிகுறி எது என்று பிரிக்கும் பழக்கம் வந்துவிடும். அது வேறு ஐம்பது கேள்விகளில் கைகொடுக்கும்.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குறிப்பேட்டில் ஒரே வரி எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தோமா, இரண்டு நல்ல விடைகளில் முதலில் செய்ய வேண்டியதைக் கோட்டைவிட்டோமா? "நோயாளியின் எந்தக் கூற்று அவருக்கு மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டுகிறது" என்ற வகைக் கேள்வி நோயாளி தவறாகச் சொன்னதைத்தான் கேட்கிறது. பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் அதில் சரியான கூற்றைத் தேர்ந்துவிட்டு விழிப்பார்கள். பத்து நாள் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நோய் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எந்தச் சூழலிலும் முதலில் நோயாளியை மதிப்பிட வேண்டும், பிறகே செயலில் இறங்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். வார்டில் பத்தாண்டு வேலை பார்த்த எனக்கு இது ஒத்துவரவில்லை.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. மதிப்பீடு போதாதபோதுதான் அந்த விதி பொருந்தும். ரத்தம் ஏற்றத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் கீழ் முதுகு வலியும் கண்டன என்று கேள்வியிலேயே எழுதியிருந்தால், மதிப்பீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அங்கே முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. அதன்பின் புதிய குழாய் வழியே சலைன் செலுத்திச் சிரைவழியைத் திறந்து வைப்பது. மருத்துவருக்கும் ரத்த வங்கிக்கும் தெரிவிப்பது. இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நிறுத்துகிறேன் என்றால் ஒவ்வாத ரத்தம் அதுவரை உள்ளே போய்க்கொண்டிருக்கும். அனுபவசாலிகள் வழுக்குகிற இடம் வேறு: ஆள் குறைவான வார்டில் பழகிய குறுக்கு வழிகளைத் தேர்வுக்குள் கொண்டுபோகிறார்கள். தேர்வில் வரும் மருத்துவமனையில் போதுமான ஆட்களும் கருவிகளும் எப்போதும் இருப்பதாகவே கொள்ளுங்கள்.

கேள்வி: 85 கேள்விகளோடு கணினி நின்றுவிட்டால் தேர்ச்சி உறுதி என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நீங்கள் விடையளிக்க அளிக்க, உங்கள் திறனைக் கணித்து அதற்கேற்ற கடினத்தில் அடுத்த கேள்வியைக் கணினி தருகிறது. உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது அல்லது கீழே இருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடிந்ததும், குறைந்த அளவான 85 கேள்விகள் முடிந்திருந்தால் அது நிறுத்திவிடும். 85இல் தேறியவர்களும் உண்டு, தவறியவர்களும் உண்டு. அதிக அளவு 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்பதால், வீட்டிலும் பின்னோக்கிப் போகாமலே பயிற்சி செய்யுங்கள்.

இன்னொன்று, பொருந்துவன அனைத்தையும் தேர்வு செய்யும் கேள்விகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து பகுதி மதிப்பெண் உண்டு. சரியான தேர்வுக்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், ஆனால் மொத்தம் பூச்சியத்துக்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் குறித்து வைத்தால் சிலவாவது விழும் என்ற பழைய தந்திரம் இதில் பலிக்காது.

கேள்வி: தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிய கேள்விகள் என்று ஒரு கோப்பு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்ட பின்னரே தேர்வு எழுத முடியும், அதை மீறியவரின் தேர்வு முடிவு ரத்தாகலாம். அந்த ஆபத்து ஒருபுறம் இருக்க, நினைவிலிருந்து எழுதியவர் தம் தவறான விடையையும் சேர்த்தே எழுதியிருப்பார். அந்தப் பணத்துக்கு, ஒவ்வொரு விடைக்கும் விளக்கம் தருகிற முறையான கேள்வித் தொகுப்பை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.