ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி; மயிலைச் சுடலாமா?

கேள்வி: நிலக்கடலையும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறோம். மயிலும் காட்டுப்பன்றியும் எதையும் விட்டுவைப்பதில்லை. லைசென்ஸ் தேவையில்லை என்று கடையில் சொன்னதால் .177 ஏர் ரைபிள் ஒன்று வாங்கினேன். போன வாரம் நான் சொல்லி, அண்ணன் மகன் (19 வயது) ஒரு மயிலைச் சுட்டான். சாகவில்லை, நொண்டியபடி பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டது. அந்தத் தோட்டக்காரர் செல்போனில் வீடியோ எடுத்துவிட்டார். பணம் தராவிட்டால் வனத்துறைக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். நிலம் எங்களுடையது, மயிலும் சாகவில்லை, துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டாம். அப்புறம் எப்படி ஐயா வழக்கு வரும்?

பதில்: வரும். நீங்கள் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் குண்டு வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .177 அங்குலம் என்பது அந்த 4.5 மில்லிமீட்டர்தான். ஆனால் விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அரை கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனாலே 20 ஜூலை நெருங்கிவிடும். உங்கள் ரைபிளோடு வந்த அட்டையில் இந்த அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள். வாங்கிய பிறகு ஸ்பிரிங் மாற்றி 'பவர் ஏற்றி' வைத்திருந்தால் வேறு கதை. ஆயுதச் சட்டத்திலும் தனி வழக்கு வரலாம். .22 ஏர் ரைபிளை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான்.

சரி, துப்பாக்கி விலக்குக்குள்தான் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விலக்கு துப்பாக்கியை வைத்திருப்பதற்கு. எதைச் சுடலாம் என்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் முடிவு செய்கிறது. அந்தச் சட்டம் எதைக் கொண்டு சுட்டீர்கள் என்று கேட்பதே இல்லை. ஏர்கன்னோ, கவட்டையோ, சுருக்குக் கம்பியோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். நிலம் யாருடையது என்பதும் ஒரு பொருட்டல்ல; பட்டா நிலத்தில் சுட்டாலும் வேட்டைதான்.

மயில் சாகவில்லை என்கிறீர்கள். 'வேட்டை' என்பதற்குச் சட்டத்தின் 2(16)ஆம் பிரிவு தரும் விளக்கத்தில் காயப்படுத்துவதும் அடங்கும், கொல்ல முயல்வதும் அடங்கும். குறி தப்பியிருந்தாலும் அது வேட்டை முயற்சிதான். நீங்கள் சொல்லித்தான் பையன் சுட்டான் என்பதால் 52ஆம் பிரிவின்படி உடந்தையாக இருந்த உங்களுக்கும் அதே குற்றம். அந்த ஈயக் குண்டு பறவையின் உடம்பிலேயே தங்கியிருந்தால், கால்நடை மருத்துவர் எடுக்கும் எக்ஸ்ரேவில் தெளிவாகத் தெரியும். வீடியோ இல்லாவிட்டாலும் அது ஒரு சாட்சி.

மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 51ஆம் பிரிவின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 'ஃபைன் கட்டி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்தைச் சமரசக் கட்டணம் கட்டி முடிக்க 54ஆம் பிரிவில் வழியில்லை.

விவசாயிகளுக்கு நியாயமாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், பயிருக்கு ஆபத்து என்ற காரணத்துக்காக அதைக் கொல்ல தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம். முதல் அட்டவணைக்கு அந்தக் காரணமே கிடையாது. மனித உயிருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், இல்லை பிழைக்க முடியாத நோயோ ஊனமோ இருக்க வேண்டும். கடலைக் காடு முழுவதையும் மயில் கிளறிப் போட்டாலும், அதற்காகச் சுட அனுமதி கொடுக்க அந்த அதிகாரிக்கே அதிகாரமில்லை. என்னைக் கேட்டால் இதைச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் பேச வேண்டும். ஆனால் மாறும்வரை இதுதான் சட்டம்.

பன்றிக்கும் நீங்களே துப்பாக்கி தூக்க முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவுகூட வனத்துறையினருக்கு மட்டும்தான். நேருக்கு நேர் பன்றி பாய்ந்து வரும்போது உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு தாக்குவது 11(2)ஆம் பிரிவின்படி குற்றமல்ல. ஆனால் அந்த நேரத்தில் ஏர்கன்னை நம்பாதீர்கள். அரை கிராம் குண்டு பன்றியை நிறுத்தாது, வெறியைத்தான் கூட்டும்.

இனி செய்ய வேண்டியது. வீடியோ வைத்திருப்பவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஆனால் அவர் செய்வது குற்றம் என்பதால் உங்கள் குற்றம் இல்லாமல் போகாது. பணத்தை வாங்கிக்கொண்டு நாளைக்கே வீடியோவை அனுப்பினால் உங்களால் என்ன செய்ய முடியும்? வனத்துறை சும்மா இருந்தாலும், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு அவரே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய முடியும்.

துப்பாக்கியைக் கிணற்றில் போடுவது, பறவையைத் தேடிப் புதைப்பது போன்ற யோசனைகள் வேண்டாம். தடயத்தை மறைத்த குற்றமும் சேரும். இந்த வாரமே உள்ளூர் குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்து, உங்கள் இருவருக்கும் முன்ஜாமீன் மனு பற்றிப் பேசுங்கள். காயம்பட்ட பறவை பற்றிய தகவலையும் அவர் மூலமாகவே வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுங்கள். பறவை பிழைத்தால் அது உங்களுக்கு நல்லது. ரேஞ்சர் கூப்பிட்டால் போங்கள், ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். வன அதிகாரி போலீஸ் அல்ல. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற பாதுகாப்பு, அவரிடம் எழுதிக் கொடுப்பதற்குக் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. உங்கள் ஊர் ஏதாவது சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், லைசென்ஸ் வைத்திருப்பவர் மட்டுமல்ல, விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பயிருக்கு வலை, மினுக்கும் நாடா, இரவுக் காவல் என்று பழைய வழிகள்தான். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைப்பதும் மனிதர்களையே கொன்றிருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். பன்றிச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். சேதத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மனுவோடு சிட்டா, அடங்கல் நகல்களை இணைத்து ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தப் பாத்தியை உழுதுவிடாதீர்கள்.