ஸ்டெஃபானோவா அதிர்ஷ்டத்தால் உலக சாம்பியன் ஆனவரா?

கேள்வி இதுதான்: 2004-ன் பெண்கள் உலக செஸ் சாம்பியன் போட்டியில் பெண்களில் மிக வலிமையான ஆட்டக்காரரான ஜூடிட் போல்கார் ஆடவில்லை, அப்போதைய சாம்பியன் ஜு சென்னும் வரவில்லை, போட்டியோ தோற்றவர் உடனே வெளியேறும் நாக்-அவுட் முறை, அப்படியிருக்க பல்கேரியாவின் அன்டோனேட்டா ஸ்டெஃபானோவாவை உலக சாம்பியன்கள் வரிசையில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். இந்தச் சந்தேகத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாக்-அவுட்டில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டே ஆட்டங்கள், ஒன்றில் கை தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் ரஷ்யாவின் கல்மிக்கியாவில் உள்ள எலிஸ்டாவில் 64 பேரோடு தொடங்கிய அந்தப் போட்டியில் அவர் யாரைத் தாண்டி வந்தார் என்று பாருங்கள். அரையிறுதியில் எதிரே உட்கார்ந்தவர் மாயா சிபுர்தானிட்சே, 1978 முதல் 1991 வரை உலக சாம்பியனாக இருந்தவர். இன்னொரு அரையிறுதியில் நம் கோனேரு ஹம்பியை ரஷ்யாவின் எகடெரினா கோவலேவ்ஸ்காயா வெளியேற்றினார். இறுதிப் போட்டிக்கு நான்கு ஆட்டங்கள் ஒதுக்கியிருந்தார்கள், நான்காவதுக்கு வேலையே இல்லாமல் போனது: 2.5-0.5. அப்போது ஸ்டெஃபானோவாவுக்கு வயது 25.

அப்புறம், 2004-க்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாருமே பேசுவதில்லை. சோஃபியாவில் பிறந்தவர், நான்கு வயதில் அப்பாவிடம் செஸ் கற்றவர், 1989-ல் பத்து வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியில் முதலிடம், 1992-ல் 13 வயதிலேயே, நாடுகள் அணிகளாக மோதும் செஸ் ஒலிம்பியாடில், மணிலாவில் பல்கேரியப் பெண்கள் அணியில் இடம். 2000-ல் இஸ்தான்புல் ஒலிம்பியாடுக்கு அவரைப் பெண்கள் அணியில் அனுப்பவில்லை, ஆண்கள் ஆடும் பொதுப் பிரிவு அணியில் அனுப்பினார்கள்! 21 வயதில். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான வெசலின் டோபலோவ் போன்றவர்கள் வளர்ந்த நாட்டில் அந்த அணிக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு இருக்கிறது. நான் பள்ளி நாட்களில் மாவட்டப் போட்டிகளில் ஆடியவள். ஒரு முறை பொதுப் பிரிவில் பெயர் கொடுக்கப் போனபோது, "ஏம்மா, பெண்கள் பிரிவில் ஆடினால் ஒரு கோப்பையாவது கிடைக்குமே" என்றார் மேசையில் இருந்தவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனாலும் அது இன்றுவரை மனதில் இருக்கிறது. ஸ்டெஃபானோவா இஸ்தான்புல்லில் பொதுப் பிரிவில் ஆடிய செய்தியைப் பிறகு ஒரு நாள் படித்தபோது அந்த மேசைதான் ஞாபகம் வந்தது.

2002-ல் வர்ணாவில் ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன் ஆனார், அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெற்றார். பெண் கிராண்ட்மாஸ்டர் என்று தனியாக ஒரு பட்டம் உண்டு, அதற்கு நார்ம்களோடு (பெரிய போட்டிகளில் எட்ட வேண்டிய தர அளவு) ரேட்டிங், அதாவது ஆட்டத்திறன் புள்ளி, 2300 போதும். இவர் வாங்கியது 2500 ரேட்டிங்கும் நார்ம்களும் கேட்கிற பொதுப் பட்டம். எலிஸ்டாவுக்குப் போகும்போதே அவர் கிராண்ட்மாஸ்டர், எங்கிருந்தோ வந்து ஜெயித்த பெண் இல்லை.

2005 அக்டோபரில் சான் லூயிஸில் டோபலோவ் ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) உலக சாம்பியன் ஆனார். 2006 மார்ச்சில் சீனாவின் ஷூ யுஹுவா பெண்கள் பட்டத்தை வெல்லும்வரை, 80 இலட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டிடம் ஃபிடேயின் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டங்களும் இருந்தன. எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான்.

சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் கழித்து அதே அதிர்ஷ்டம் மறுபடி வருமா? 2012-ல் பதுமியில் பெண்கள் உலக ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) சாம்பியன் ஆனார். அதே ஆண்டு கடைசியில் காந்தி-மான்சிஸ்க்கில் மறுபடியும் 64 பேர் நாக்-அவுட், அதில் மறுபடியும் இறுதிக்கு வந்தார், வழியில் அரையிறுதியில் நம் ஹரிகாவை வென்று. இறுதியில் உக்ரைனின் அன்னா உஷெனினா. முதல் ஆட்டம் டிரா, இரண்டாவதில் தோல்வி, மூன்றாவது டிரா, ஆக நான்காவதை வென்றே தீர வேண்டும், டிரா ஆனாலும் கதை முடிந்தது. வென்றார். 2-2. பிறகு சமனை முறிக்கும் டை-பிரேக் ரேபிட்டில் உஷெனினா வென்றுவிட்டார், அதுவும் ரேபிட் சாம்பியனுக்கு எதிராக. அந்தத் தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் வென்றே ஆக வேண்டிய ஆட்டத்தை உலக சாம்பியன் பட்டத்துக்கான இறுதியில் வெல்வது எப்படிப்பட்ட விஷயம் என்று போர்டு முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இத்தோடும் முடியவில்லை. 2023-ல் பல்கேரியப் பெண்ணான நுர்கியுல் சலிமோவா பாகு உலகக் கோப்பையில் இறுதிவரை போய், ரஷ்யாவின் கோரியாச்கினாவிடம் டை-பிரேக்கில் தோற்று, உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார் (நம் வைஷாலியும் ஆடிய அதே டொரொண்டோ போட்டி). அந்த ஆண்டு நவம்பரில் புத்வாவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில் பல்கேரியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். சலிமோவாவுக்கு 20 வயது. அதே அணியில் ஸ்டெஃபானோவாவும் ஆடினார், 44 வயதில்.

அவர் ஆட்டங்களைப் பார்க்க நினைத்தால் எலிஸ்டாவில் தொடங்காதீர்கள். உஷெனினாவுடன் ஆடிய அந்த நான்காவது ஆட்டத்தை முதலில் போட்டுப் பாருங்கள்.