61 நாள்

அன்புள்ள சார்,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன், வேலை புதுச்சேரியில். மூன்று வருடம் முன்பு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கினேன். அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம், அந்தக் கிட் லென்ஸ்தான் இன்னும். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஒயிட் டவுன், சில்வர் பீச், பிச்சாவரம் என்று போய்வருவோம். ஹார்ட் டிஸ்க்கில் 14,000 படங்களுக்கு மேல் இருக்கின்றன. மோசமில்லை, லைக்கும் விழுகிறது. ஆனால் என் படத்தையும் கூட வந்தவன் படத்தையும் கலந்து வைத்தால் எனக்கே பிரிக்கத் தெரியாது.

ஏதாவது சவாலாகச் செய்வோம் என்று ஜனவரி 1-ல் 'தினம் ஒரு படம்' தொடங்கினேன். 365 நாள் திட்டம், 61-ஆவது நாளோடு நின்றுவிட்டது. கடைசி இரண்டு வாரம் எடுத்ததெல்லாம் ஆபீஸ் மேசையும் டீ கிளாஸும்தான். எனக்கு ஒழுக்கம் போதவில்லையா? நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? இல்லை, காசி, லடாக் மாதிரி எங்காவது ஒருமுறை போய்வர வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் டீ கிளாஸ் வரை வந்தீர்கள், நான் செருப்பு வரை போனேன். 'தினம் ஒரு படம்' நானும் தொடங்கி நாற்பது சொச்சம் நாளில் விட்டவன்தான். கடைசிப் படம் வாசலில் கிடந்த என் செருப்பு. ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நாள் முடிவதற்குள் ஏதாவது ஒன்று வேண்டுமே என்று எடுத்தது. இதில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. அந்தச் சவால் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது, நாமும் எண்ணிக்கையைக் கொடுக்கிறோம். உங்களிடம்தான் ஏற்கெனவே 14,000 இருக்கிறதே.

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்க வேண்டாம். கிட் லென்ஸை 35-ல் வைத்து, ஜூம் வளையம் திரும்பாதபடி செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு அது ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸின் பார்வைக்குப் பக்கத்தில் வரும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் பெரும்பாலும் அந்த ஒரே லென்ஸில்தான் காலம் தள்ளினார். நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் ரமணர் மறைந்த சமயம் அங்கே இருந்தவர், அதே மாதம் புதுச்சேரி வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தரும் மறைந்துவிட்டார். பெரிய ஆள் பெயரைச் சொல்லி மிரட்டவில்லை. ஜூம் இல்லையென்றால் கால் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் போனால் ஒரு படம், பத்தடி பின்னால் வந்தால் வேறு படம் என்பதை விரல் ஒருநாளும் சொல்லித் தராது.

காசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் கரையைக் கடந்தது. மறுநாள் கேமராவை எடுத்துக்கொண்டு பண்ருட்டி பக்கம் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் முந்திரி, பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அன்று மட்டும் முந்நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மரம் விழுந்து கிடக்கிறது, அடுத்த படத்தில் இன்னொரு மரம் விழுந்து கிடக்கிறது. அத்தனை பெரிய இழப்பு, படத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. வருடக்கணக்காக அந்தத் தோப்புகளைத் தாண்டி பஸ்ஸில் போனவன் நான். காய்த்து நின்ற ஒரு பலாவைக்கூட எடுத்து வைத்ததில்லை. என்ன போயிற்று என்று காட்ட என்னிடம் எதுவுமே இல்லை. லடாக் போனாலும் இதேதான் நடக்கும். பார்த்த முதல் நாளிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

அதனால் புது ஊர் தேடுவதை விட்டுவிட்டு, போன இடத்துக்கே திரும்பப் போங்கள் என்கிறேன். நானே அப்படித்தான் கடலூர் முதுநகர் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிறு காலை மட்டும், ஒரே லென்ஸ், 36 படம். ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு. 36 முடிந்தால் கேமரா பைக்குள் போய்விடும், அதற்கப்புறம் சும்மா பார்க்க வேண்டியதுதான். உண்மையில் அந்தச் சும்மா பார்த்த நேரத்தில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று வாரம் எல்லாரும் எடுப்பதையே எடுத்தேன்: வலை, கயிறு, காக்கை. நாலாவது வாரம் அதெல்லாம் அலுத்துவிட்டது. அலுத்த பிறகுதான் ஏலம் கூவுகிறவரை விட்டுவிட்டு, ஏலம் கேட்கிறவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அந்த அலுப்பு வரும் வரை உங்கள் ஞாயிறு நடை எந்த இடத்திலும் நிற்பதில்லை. அடுத்த வாரம் பிச்சாவரம் போய்விடுகிறீர்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு விஷயம். காலை வெயிலின் அந்த மஞ்சள் நேரம் ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அதை நம்பி நிதானமாகப் போகாதீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு, அங்கே சூரியன் சரிந்து சரிந்து ஏறும். நம் ஊரில் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பும். அரை மணிக்குள் மஞ்சள் போய் வெள்ளை வெயில் வந்துவிடும். சூரியன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே கரையில் நிற்க வேண்டும். நின்றாயிற்றா, இப்போது கடலுக்கு முதுகு காட்டுங்கள். சில்வர் பீச்சில் விடிகாலையில் பத்துப் பேர் கேமராவோடு நின்றால் பத்தும் கடலைப் பார்த்துத்தான் இருக்கும். ஆனால் நம்முடையது கிழக்குக் கடற்கரை. அந்த வெளிச்சமெல்லாம் போய் விழுவது கரையில் இருப்பவர்கள் முகத்தில், படகின் மூக்கில், தேவனாம்பட்டினத்து வீட்டுச் சுவர்களில். அலையில் கால் நனைய நின்றுகொண்டு ஊரைப் பார்த்து எடுங்கள். நுரையும் வெள்ளை மணலும் ஃபிரேமில் நிறைய வந்தால் கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு) கூட்டி வையுங்கள்.

ஒரே இடத்தில் வருடம் முழுக்க நின்றால் இன்னொன்றும் தெரியும். ஜூன் மாதச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் படகுக்கு இந்தப் பக்கம் உதித்தது அந்தப் பக்கம் போய்விட்டதைப் பார்த்த காலை எனக்கு ஏதோ சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி இருந்தது.

இடையில் ஒரு புலம்பல். உப்புக் காற்றுக்கு என் நல்ல லென்ஸ் ஒன்றைப் பறிகொடுத்தேன், உள்ளே பூஞ்சை. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் பூஞ்சையோடு சேர்த்து ஃபோகஸையும் எடுத்துவிட்டார்கள். கரையில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

மனிதர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவை, கூடையோடு நிமிர்ந்து பார்க்கும் கணத்தில் எடுத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். வாங்கிப் பார்த்தவர், "ஏன் தம்பி, இப்புடியா பரட்டத் தலையோட எடுப்ப? அடுத்த வாரம் நல்ல பொடவ கட்டிக்கிட்டு வரேன், அதுல ஒண்ணு எடு" என்றார். சொன்னபடி வந்தார். விறைப்பாக நின்றார், ஸ்டூடியோவில் நிற்பது போல. நானும் எடுத்தேன். அந்த விறைப்பான படம்தான் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது. எது நல்ல படம் என்ற கேள்வியில் எனக்கு இருந்த தெளிவு அன்றோடு கொஞ்சம் கலங்கிவிட்டது, இன்னும் தெளியவில்லை. நீங்களும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஒயிட் டவுனுக்கு மூன்று மாதம் லீவு விடுங்கள். அந்த மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கல்யாண ஜோடிகளுக்கு இருக்கட்டும்.

சரி, உங்கள் 61-க்கு வருகிறேன். கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எண்ணிப் பாருங்கள், சரியாக 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது துறைமுகத்தில் ஒன்றும் இருக்காது என்று கேமராக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். ஆனால் அப்போதுதான் படகைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். வருமானம் இல்லாத நாட்கள், சும்மா இருக்கிற முகங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் உடனே நீட்டாதீர்கள். முதல் வாரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலே போதும்.

அதிகம் போனால் ஒன்பது ஞாயிறு வரும், ஞாயிறுக்கு 36. மொத்தம் 324 படம். தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஏலம் நடக்கிற ஒரு காலையில் ஒருமுறை போய் 36 எடுத்து வைத்துவிடுங்கள். பலா மரத்தில் நான் கோட்டை விட்டது அதைத்தான்.

ஜூன் 15-க்குப் பிறகு எனக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் படம் வேண்டாம். ஒரு ஞாயிறின் 36-ஐயும் எடுத்த வரிசையிலேயே, ஆடிப்போனது, கண் மூடினது எல்லாவற்றோடும்.

அன்புடன்.