தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் 'ஒதுக்கீடு': எல்லையோர வாசகர்களின் கேள்வி-பதில்

கொழிஞ்ஞாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்: 2019-ல் ஒரு கம்பெனி 28,000 கோடி 'ஒதுக்கியது' என்று படித்தேன். அந்தப் பணம் எந்த வங்கியில் இருந்தது?

எந்த வங்கியிலும் இல்லை. 'ஒதுக்கீடு' என்ற சொல்லே இங்கே ஆளை ஏமாற்றுகிறது. மகள் கல்யாணத்துக்குப் பீரோவில் எடுத்து வைத்த பணம் மாதிரி நினைக்க வைக்கிறது. ப்ரொவிஷன் எனப்படும் இந்த ஒதுக்கீடு ஒரு கணக்குப் பதிவு, அவ்வளவுதான். பொதுவாக லாப நட்டக் கணக்கில் செலவாகப் பற்று எழுதி, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக வரவு வைப்பார்கள். ரொக்கம் ஒரு ரூபாய்கூட நகராது.

இண்ட் ஏஎஸ் 37 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை இதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: நடந்து முடிந்த ஒன்றால் இன்று ஒரு கடமை இருக்க வேண்டும், பணம் வெளியே போவதற்கே வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும், தொகையை நம்பத்தக்கபடி மதிப்பிட முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது ப்ரொவிஷன் ஆகாது. கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி (வரலாம், வராமலும் போகலாம் என்ற பொறுப்பு) என்ற பெயரில் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், லாபத்தைத் தொடாது.

நீங்கள் படித்தது ஏஜிஆர் விவகாரம், அதாவது லைசென்ஸ் கட்டணம் கணக்கிட எடுக்கும் 'சரிசெய்த மொத்த வருவாய்' பற்றிய வழக்கு. தனியாருக்குத் துறை திறந்தபோது லைசென்ஸ் கட்டணம் நிலையான தொகையாக இருந்தது. அது கட்டுப்படியாகாததால், 1999 கொள்கைப்படி அந்த ஆகஸ்ட் முதல் வருவாயில் பங்கு என்று மாற்றினார்கள். எது வருவாய்? வட்டி, டிவிடெண்ட், வாடகையும் சேருமா? சேராது என்றன கம்பெனிகள். சேரும் என்று 24.10.2019 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் பெரும்பகுதி குறிப்பிலேயே கிடந்தது. தீர்ப்பு வந்ததும் மூன்று நிபந்தனையும் ஒரே நாளில் நிறைவேறிவிட்டன. அதன்பின் வெளியிட்ட ஜூலை-செப்டம்பர் காலாண்டுக் கணக்கிலேயே ஏர்டெல் 28,450 கோடி எழுதியது, நஷ்டம் 23,045 கோடி. வோடஃபோன் ஐடியாவின் நஷ்டம் 50,921 கோடி.

இதில் கவனிக்க வேண்டியது வட்டி. அரசின் தொலைத்தொடர்புத் துறை எல்லாக் கம்பெனிகளிடமும் மொத்தமாகக் கேட்ட சுமார் 92,640 கோடியில் அசல் கட்டணம் ஏறத்தாழ 23,190 கோடிதான். மீதி வட்டி, அபராதம், அபராதத்துக்கும் வட்டி. ஆகவே பங்கு வாங்குமுன் கன்டிஞ்சன்ட் குறிப்பைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: கேட்புத் தொகை எத்தனை வருடமாக ஏறிவருகிறது, வட்டி சேர்த்த தொகையா சேர்க்காததா, கம்பெனியின் நெட்வொர்த்தில் (சொத்தில் கடன் போக மீதியில்) அது எத்தனை சதவீதம். 'சட்ட ஆலோசனைப்படி எங்களுக்குச் சாதகமாகவே முடியும்' என்ற வரிக்கு நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை.

அதே வாசகர்: பாக்கிக்குப் பதிலாக அரசே கம்பெனியின் பங்கை எடுத்துக்கொண்டால் கடன் போய்விட்டதா?

மாற்றிய அளவுக்குப் போயிற்று. வோடஃபோன் ஐடியாவில் 2023-ல் 16,133 கோடியும் 2025-ல் 36,950 கோடியும் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் விலையில் அரசின் பங்குகளாக மாறின. அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. பொறுப்பு குறைந்தது, உங்கள் பங்கின் விகிதமும் குறைந்தது.

வேலந்தாவளம்: என் தென்னந்தோப்பில் 3 சென்ட் டவருக்கு விட்டிருக்கிறேன். காலி செய்யும்போது பிரித்தெடுக்கக் கம்பெனி பணம் வைத்திருக்குமா?

பணம் இருக்காது, பதிவு இருக்கலாம். அதுவும் உங்கள் ஒப்பந்தத்தில் 'பிரித்து, இடத்தைப் பழையபடி ஒப்படைப்போம்' என்று இருந்தால்தான். கடமை இல்லையென்றால் ப்ரொவிஷனும் இல்லை.

கணக்கு இப்படிப் போகும். 10 வருடம் கழித்துப் பிரிக்க 3,00,000 ரூபாய் ஆகும், தள்ளுபடி விகிதம் (வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதம்) 8 சதவீதம் என்று வையுங்கள். இன்றைய மதிப்பு 1,38,958. இதை உடனே செலவாக எழுதாமல் டவரின் அடக்கவிலையில் கூட்டி, அதே தொகையைப் பொறுப்பாகக் காட்டுவார்கள். வருடம் 13,896 தேய்மானம். பொறுப்பின் மேல் முதல் வருடம் 11,117 வட்டிச் செலவு. இந்த வட்டி சேர்ந்து பொறுப்பு வருடா வருடம் ஏறிக் கடைசியில் 3,00,000-ஐத் தொடும். குத்தகையை 10 வருடம் நீட்டிவிட்டால் பிரிக்கும் நாள் தள்ளிப்போகும், இன்றைய மதிப்பு சுருங்கும். நீட்டிப்புக் கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்களுக்கு உதவுவது அவர்கள் பேரேடு அல்ல, உங்கள் பத்திரம். ஒப்பந்தம் செல் கம்பெனியோடா, டவர் கம்பெனியோடா என்று முதலில் பாருங்கள்; கடமை கையெழுத்துப் போட்டவருக்குத்தான். நான்கு கால்களின் கான்கிரீட்டையும் தரைக்குக் கீழே எத்தனை அடி வரை எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரும்பை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கான்கிரீட் கிடக்கும் இடத்தில் தென்னம்பிள்ளை வேர் பிடிக்காது. பிரிக்கும் செலவுக்கு ஈடான டெபாசிட்டும் கேளுங்கள். கம்பெனி திவாலுக்குப் போனால் வாடகை பாக்கிக்கு, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அதிகாரியிடம் பி படிவம் கொடுக்க வேண்டும். 2018-ல் ஏர்செல் திவாலுக்குப் போனபோது தமிழ்நாடு பார்த்ததுதான் இது.

செங்கோட்டை: பிஎஸ்என்எல் ஓய்வூதியர் நான். கம்பெனி நஷ்டத்தில் போனால் பென்ஷன்?

1.10.2000 அன்று தொலைத்தொடர்புத் துறையிலிருந்து உள்வாங்கப்பட்டவர் என்றால் மத்திய அரசின் பென்ஷன் விதிகளின்படி (1972 விதிகளில் 37-ஏ) உங்கள் பென்ஷன் அரசின் பொறுப்பு. கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்குப் பின் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது.

குமுளி: ஃபைபர் இணைப்பு ஏஜென்சி வைத்திருக்கிறேன். வராத பாக்கிக்கு ஒதுக்கினால் வரி குறையுமா?

குறையாது. வராக்கடன் ஒதுக்கீட்டுக்கு வரிச் சலுகை வங்கி போன்றவற்றுக்குத்தான். நீங்கள் அந்தப் பாக்கியை உங்கள் கணக்கில் தள்ளுபடி செய்து எழுதிய வருடத்தில்தான் கழிவு, அதுவும் முன்பு வருமானமாகக் காட்டியிருந்தால்.

இருந்தாலும் உங்கள் நிலவரம் தெரிய ஒதுக்கீடு போடுங்கள். உதாரணத்துக்கு: 30 நாளுக்குள் 2,00,000 (2%), 90 வரை 60,000 (20%), 180 வரை 30,000 (60%), அதற்கு மேல் 25,000 (முழுவதும்). 4,000 + 12,000 + 18,000 + 25,000, ஆக 59,000. சதவீதத்தை மனம்போல வைக்காதீர்கள். உங்களுடைய கடந்த மூன்று வருட வசூலிலிருந்து எடுங்கள். தேக்கடி சீசன் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் போகும் ஹோம்ஸ்டேக்களைத் தனி வரிசையாகப் போடுங்கள், வீட்டு இணைப்புகளோடு கலக்கக் கூடாது.

பில்லில் போட்டுக் கட்டிய ஜிஎஸ்டி, பாக்கி வராமல் போனாலும் திரும்பக் கிடைக்காது. சீசன் ஆட்களிடம் ப்ரீபெய்டாக வாங்கிவிடுங்கள்.